மாமனார் படித்த தலைப்பும் மருமகளைப் பிடித்த பயமும்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், தொகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதன் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மாமனாருக்கு 72 வயது. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் டீக்கடையில் இருக்கும் எல்லாப் பேப்பரையும் புரட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஆனால் தலைப்பைத் தாண்டி ஒரு வரி படிப்பதில்லை. 2021 செப்டம்பரில் 'நகைக்கடன் தள்ளுபடி' என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதமே மருமகளின் மூன்று பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தாராம். "வெச்சாத்தானேம்மா தள்ளுபடி பண்ணுவாங்க?" என்பது அவர் வாதம். வட்டி கட்டி மீட்டது மருமகள்.

இப்போது பிரச்சினை இரண்டு. போன மாதம் அவர் சேமிப்புக் கணக்கில் திடீரென்று 38,500 ரூபாய் வரவு. அன்றைய பேப்பரில் 'வங்கிக் கணக்கில் பிரதமர் பணம்: இன்று முதல் வரவு' என்று கொட்டை எழுத்தில் இருந்திருக்கிறது. அது விவசாயிகள் உதவித்தொகையின் அடுத்த தவணை பற்றிய செய்தி. பெரியவருக்கோ ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. 'வருது வருதுன்னு சொன்ன 15 லட்சம் வந்திருச்சு, இது முதல் தவணை' என்று முடிவு கட்டி, 14,000 ரூபாயை எடுத்து மனைவிக்குப் புது கிரைண்டரும் தெருவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பிரியாணியும் வாங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்து வங்கிக்கு வரச்சொல்லி, அது பக்கத்து ஊர் மகளிர் குழுவின் கடன் தொகை என்றும், கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள். "பிரதமர் குடுத்ததைக் கேக்க மேனேஜர் யாரு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது, அவர்கள் தொகுதி எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார். மறுநாள் அவர் படத்தோடு 'தொகுதி காலி: சபாநாயகர் அறிவிப்பு' என்று செய்தி. மாமனார் பார்த்தது படத்தையும் 'காலி'யையும்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கண்ணீர் அஞ்சலி போட்டுவிட்டார். எம்.எல்.ஏ. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொடுத்ததை எல்லாம் நினைவுகூர்ந்து நாலு பத்தி. சொந்தக்காரர் ஒருவர் அதை வெளியே அனுப்ப, கட்சிக்காரர் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து, 'போலீஸில் புகார் கொடுப்பேன், அட்மினையும் சேர்த்து உள்ளே வைப்பேன்' என்று சத்தம் போட்டிருக்கிறார். குழுவின் அட்மின் கடிதம் எழுதிய சகோதரிதான்.

அவர் கேட்பவை: பணத்துக்காக மாமனாரைக் கைது செய்வார்களா? அட்மின் என்பதற்காகத் தனக்கு முன்ஜாமீன் வேண்டுமா? தலைப்பைத் தப்பாகப் போட்ட பத்திரிகைமீது வழக்குப் போட முடியுமா? 'புத்தி சரியில்லாதவர்' என்று கோர்ட்டில் எழுதி வாங்கி, வங்கிக் கணக்கைக் கணவர் பெயருக்கு மாற்ற வழி உண்டா?

இனி என் பதில்.

சகோதரி, முன்ஜாமீனுக்கு 25,000 ரூபாய் ஆகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிடாதீர்கள். உங்கள்மீது எந்தப் புகாரும் பதிவாகவில்லை. பதிவானாலும் நிற்கும்படியான விஷயம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் கத்தரித்து இணைத்திருக்கும் செய்தித் துணுக்கைப் பார்த்தேன். 'வாட்ஸ்அப் குழு அட்மினுக்குச் சிறை?' என்று இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்விக்குறி இருப்பதைக் கவனித்தீர்களா? அந்தக் கேள்விக்கான பதில் கீழே செய்தியில் இருந்திருக்கும். நீங்கள் தலைப்பை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். மாமனாரைப் பற்றிப் புகார் சொல்லும் கடிதத்தில் இது கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது, மன்னிக்கவும்.

வந்த பணத்தை என்ன செய்வது

இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இரண்டில் உண்மையான சிக்கல் இதுதான். அஞ்சலி விஷயம் சத்தம் பெரிது, சரக்கு குறைவு.

உங்கள் மாமனார் நினைத்தது போலவே நினைத்தவர்கள் நாட்டில் நிறையப் பேர். 2013 நவம்பரில் சத்தீஸ்கரின் காங்கேரில் நரேந்திர மோடி தேர்தல் பிரசாரத்தில் பேசும்போது, வெளிநாட்டுக் கறுப்புப் பணம் திரும்பி வந்தால் ஒவ்வோர் ஏழைக்கும் 15 முதல் 20 லட்சம் கிடைக்கும் என்ற கணக்கைச் சொன்னார். அந்தப் பேச்சில் ஒரு 'வந்தால்' இருந்தது. ஊர் ஊராகப் போகப்போக அந்த 'வந்தால்' எங்கோ உதிர்ந்துவிட்டது. 2015-ல் அமித் ஷா ஒரு பேட்டியில் அது பேச்சுக்காகச் சொன்ன வார்த்தை என்று விளக்கிய பிறகும் நம்பிக்கை போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மூணாறில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் தபால் ஆபீஸில் கணக்குத் தொடங்க வரிசையில் நின்றார்கள். கணக்கு இருந்தால் 15 லட்சம் விழும் என்று வதந்தி.

உங்கள் வீட்டில் நடந்ததும் வேறு இடங்களில் நடந்திருக்கிறது. 2021-ல் பீகாரின் ககாரியா மாவட்டத்தில் ஒருவர் கணக்கில் கிராம வங்கியின் தவறால் ஐந்தரை லட்சம் ரூபாய் விழுந்தது. மோடி சொன்ன பணத்தின் முதல் தவணை என்று நினைத்துச் செலவழித்துவிட்டேன் என்றார் அவர். வங்கி பலமுறை கேட்டும் தர மறுத்தார், கடைசியில் கைதானார். அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் பைடண் வட்டாரத்தில் ஒரு விவசாயியின் ஜன்தன் கணக்கில் சரியாக 15 லட்சமே வந்து விழுந்தது. பாவம், அவர் நம்பாமல் என்ன செய்வார்? பிரதமருக்கு நன்றிக் கடிதம் அனுப்பிவிட்டு, 9 லட்சத்தை எடுத்து வீடு கட்டினார். அது கிராமப் பஞ்சாயத்துக்குப் போக வேண்டிய பணம் என்று மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது. தவறு வங்கியுடையது, அதனால் நாங்கள் தர வேண்டியதில்லை என்ற வாதம் செல்லாது. 'மூன்று வருஷம் தள்ளிவிட்டால் கேட்க முடியாதாமே' என்று உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வருஷம், தவறு தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதற்குள் வங்கி வழக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கைப் போடவே வேண்டாம்.

கிரிமினல் சட்டத்தில் இது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவுக்குள் வரலாம்: பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது. தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகம் இரண்டு ஆண்டு, அபராதமும் உண்டு. பயப்படாமல் அடுத்ததையும் படியுங்கள். இதே பிரிவில் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் பிறர் பொருளைத் தன்னுடையது என்று நல்லெண்ணத்தில் நம்பி எடுத்தால் அது திருட்டு ஆகாது. ஆனால் தவறு தெரிந்த பிறகும் அதை வைத்துக்கொண்டு பயன்படுத்தினால் குற்றம். பெரியவர் பிரியாணி வாங்கிய அன்று அவர்மேல் குற்றம் இல்லை. வங்கியில் கூப்பிட்டுச் சொன்ன நாளுக்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பீகார்க்காரர் மாட்டியது நம்பியதற்காக அல்ல, கேட்டபோது தரமாட்டேன் என்றதற்காக.

ஆகவே இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். மீதி 24,500 ரூபாயை எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று மாமனார் கையெழுத்தில் ஒரு கடிதம். செலவழிந்த 14,000 ரூபாயை மாதம் 2,000 வீதம் ஏழு தவணையில் கட்டுகிறேன் என்று அதிலேயே கேட்கலாம்; கிளை மேலாளர்கள் பொதுவாக இதற்கு மறுப்புச் சொல்வதில்லை, அவருக்கும் இது தலைவலிதான். பணம் எங்கிருந்து, எந்தத் தேதியில், எப்படித் தவறி வந்தது என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். கடிதத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'என் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டது, இந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பிவிடுங்கள்' என்று யாராவது போனில் அழுதால் அனுப்பாதீர்கள். இந்தப் பெயரில் மோசடி நிறைய நடக்கிறது. மகளிர் குழுத் தலைவியே நேரில் வந்தாலும், கிளை வழியாகத்தான் என்று சொல்லிவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும்.

மாமனாரிடம் இதை எப்படிச் சொல்வது? 'மேனேஜர் கேட்கிறார்' என்றால் கேட்கமாட்டார், அது தெரிந்துவிட்டது. 'பக்கத்து ஊர்ப் பெண்கள் மாடு வாங்க வைத்திருந்த பணம் மாமா இது' என்று சொல்லிப் பாருங்கள். மாடோ தையல் மிஷினோ, அந்தக் குழு எதற்குக் கடன் கேட்டதோ அதை விசாரித்துச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் பஸ்ஸில் வைத்துவிட்டுப் போன மணிபர்ஸையும் பையையும் டெப்போவில் ஒப்படைத்தவராகத்தான் இருப்பார்.

உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி

இந்த விஷயத்தில் உங்கள் மாமனாருக்கு மிகப் பெரிய இடத்துத் துணை உண்டு. 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மக்களவை இரங்கல் தெரிவித்தது, வானொலியும் சொல்லிவிட்டது. ஜே.பி.யோ மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். அவர் காலமானது அந்த ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதிதான். நாட்டின் பிரதமருக்கே தவறான தகவல் போய்ச் சேரும்போது, டீக்கடையில் 'காலி'யைப் பார்த்து ஏமாந்தவரை என்னவென்று சொல்வது?

கட்சிக்காரர் சொன்ன புகார் எந்தச் சட்டத்தில் நிற்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவதூறு என்றால், ஒருவரின் நற்பெயருக்குக் கேடு வர வேண்டும். உங்கள் மாமனார் எழுதிய நாலு பத்தியைப் படித்தால், அந்த எம்.எல்.ஏ.வைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை அவர் கட்சிக்காரர்களே எழுதியிருக்கமாட்டார்கள். அதோடு அவதூறுக்குப் பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். வாசலில் வந்து சத்தம் போடுபவருக்கு அதில் இடமில்லை. வதந்தி பரப்பி மக்களிடம் பீதி உண்டாக்குவது பற்றிய அதே சன்ஹிதாவின் 353-ஆவது பிரிவைச் சொல்லலாம். அதற்கு அந்த நோக்கம் வேண்டும், அல்லது அந்தப் பேச்சு பீதி உண்டாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தில், கெட்ட நோக்கம் இல்லாமல் சொன்னால் அது குற்றமில்லை என்று அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. 'ஆன்லைனில் மனம் புண்படும்படி எழுதினால் 66ஏ' என்று அவர் மிரட்டியிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புங்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையில் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கட்சி நிர்வாகி குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். படங்களை முகநூலில் போட்டு, 'துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலைப் பயணம்' என்று வேடிக்கையாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கத் தயாரானார் என்கிற அளவுக்குப் பிரிவுகளைப் போட்டு வழக்குப் பதிந்தார்கள். பெயரை மறைத்து மிரட்டினார் என்ற பிரிவும் அதில் உண்டு. அவர் எழுதியதோ தன் சொந்தப் பெயரில்! மாஜிஸ்திரேட் காவலில் வைக்க மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கையே ரத்து செய்தார். அந்த மறைமுக மிரட்டல் பிரிவு தனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது என்று தீர்ப்பிலேயே எழுதினார். நகைச்சுவையாகப் பேசும் உரிமையும் பேச்சுரிமைக்குள் அடங்கும் என்றார். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்யும் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

ஆனால் இதை வைத்து எதை வேண்டுமானாலும் பகிரலாம் என்று நினைத்துவிட வேண்டாம். நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-ல் பகிர்ந்தார். நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், பிறகு நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். பகிர்வது அந்தக் கருத்தை ஏற்பதற்குச் சமம் என்று முன்ஜாமீனை மறுத்த சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்கை ரத்து செய்ய 2023-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 2024-ல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் அபராதமும் விதித்தது. உங்கள் மாமனாரின் இரங்கலுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இருந்தாலும் உங்கள் குழுவில் அஞ்சலியை வெளியே அனுப்பிய அந்தச் சொந்தக்காரருக்கு இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

இங்கேயும் தவறு தெரிந்த பிறகு நடந்ததைத்தான் பார்ப்பார்கள். மாமனார் பெயரிலேயே குழுவில் ஒரு செய்தி போதும்: 'எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார் என்ற செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு பதிவிட்டேன். அவர் நலமாக இருக்கிறார். வருந்துகிறேன்.' பழைய பதிவை அழிக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். யாராவது வார்த்தையை மாற்றி, திட்டி எழுதினார் என்று கிளப்பினால் காட்டுவதற்கு அது வேண்டும்.

நீங்கள் அட்மின்தான், ஆசிரியர் அல்ல

குழுவில் ஆள் சேர்ப்பதும் நீக்குவதும்தான் அட்மினின் வேலை. அடுத்தவர் என்ன எழுதப்போகிறார் என்று முன்கூட்டிப் பார்த்து நிறுத்த உங்களால் முடியாது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இதையே சொல்லிவிட்டன. 2021 டிசம்பரில் நம் மதுரைக் கிளையும், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்றது. நீங்களும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு. நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள், ஒளிய வேண்டாம். எந்தப் புகார், யார் கொடுத்தது, என்ன பிரிவு என்று கேளுங்கள். பெண் என்ற முறையில் விசாரணைக்காக உங்களை நிலையத்துக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டில் வைத்தே கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்த விஷயத்துக்கு அந்த அளவுக்குப் போகாது என்பது என் எண்ணம்.

அறிவிப்புக்கும் அரசாணைக்கும் நடுவில்

நகைக்கடன் கதைக்கு வருகிறேன். தேர்தல் வாக்குறுதி ஒன்று, சட்டசபை அறிவிப்பு இன்னொன்று, அரசாணை மூன்றாவது. பணம் வருவது மூன்றாவதில்தான், வருமா வராதா என்பதைச் சொல்லும் தேதியும் தகுதியும் இருப்பதும் அதில்தான். நகைக்கடன் தள்ளுபடி அரசாணை 2021 நவம்பரில் வந்தது. 2021 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன், குடும்பத்துக்கு மொத்தம் ஐந்து பவுனுக்குள், இன்னும் பல நிபந்தனைகள். சுமார் 48 லட்சம் கடன்களைப் பரிசீலித்து, 35 லட்சத்துக்கும் மேல் தகுதியில்லை என்று ஒதுக்கினார்கள். உங்கள் மாமனார் அக்டோபரில் அடகு வைத்த சங்கிலிக்கு அந்தப் பட்டியலில் நுழையவே வழியில்லை. தலைப்பில் இதையெல்லாம் எழுத இடம் கிடையாது. இடம் இருந்தாலும் எழுதினால் யார் பேப்பர் வாங்குவார்கள்?

இனி வீட்டில் ஒரே ஒரு வழக்கத்தை வையுங்கள். பணம், நகை, நிலம் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியானாலும், 'எந்தத் தேதிக்கு? யாருக்கு? அரசாணை வந்துவிட்டதா?' என்று கூட்டுறவு வங்கியிலோ வி.ஏ.ஓ. ஆபீஸிலோ கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி.

இந்த விதி உங்களுக்கும் சேர்த்துத்தான். கடிதத்தின் ஓரத்தில், 'அவர் டிரங்குப் பெட்டியில் மூன்று 2,000 ரூபாய் நோட்டு வைத்திருக்கிறார், செல்லாது என்று சொல்லியும் கிழித்துப் போட மாட்டேன் என்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். கிழிக்காததற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அந்த நோட்டைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாகத்தான் சொன்னது. செல்லாது என்று சொல்லவில்லை. 2016-ல் 500, 1,000-க்கு நடந்தது வேறு. சாதாரண வங்கிக் கிளையில் மாற்றும் கெடு 2023 அக்டோபர் 7-உடன் முடிந்துவிட்டது. ஆனால் ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்கள் வழியாகக் கணக்கில் சேர்க்கும் வசதியைத் தொடர்ந்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது சென்னை. நேரில் போக முடியாவிட்டால் தபால் ஆபீஸ் மூலம் அனுப்பலாம். 6,000 ரூபாய் என்பது அந்த ஏழு தவணையில் மூன்றுக்கு ஆகும்.

பத்திரிகை மீது வழக்கு

அந்தத் தலைப்பை நானும் பார்த்தேன். அதற்குக் கீழேயே சின்ன எழுத்தில் 'விவசாயிகள் உதவித்தொகை அடுத்த தவணை' என்று இருக்கிறது. இதில் நஷ்ட ஈடு வழக்கு நிற்காது. தலைப்பு உள்ளே இருக்கும் செய்தியோடு பொருந்த வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறை சொல்கிறது. உண்மையிலேயே பொருந்தாத தலைப்பென்றால், முதலில் ஆசிரியருக்கு எழுதி, பதில் திருப்தியில்லையென்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். கவுன்சிலால் கண்டிக்க மட்டும்தான் முடியும், தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. உங்கள் விஷயத்தில் இந்த வேலை வேண்டாம்.

அவர் கணக்கு அவருடையது

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு வருத்தம் தந்தது. தலைப்பைத் தப்பாகப் படிப்பது புத்தி சுவாதீனம் இல்லாமைக்கு அடையாளம் என்றால், இந்த மாநிலத்தில் யாருக்கும் ஓட்டுரிமை மிஞ்சாது. எந்த நீதிமன்றமும் இந்தக் காரணத்துக்கு ஒருவரின் கணக்கை மகனிடம் தூக்கிக் கொடுக்காது. ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் அவர் கோட்டாட்சியரிடம் போய் உங்கள் கணவர்மேல் மனு கொடுக்க முடியும். அவர் சம்மதித்தால் உங்கள் கணவரைக் கூட்டுக் கணக்கில் சேர்க்கலாம், 5,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால் மகன் போனுக்கும் தகவல் வரும்படி செய்யலாம். சம்மதித்தால் மட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது வந்துபோகிறது. மாமனாரின் கண்ணாடி எட்டு வருஷத்துக்கு முன் வாங்கியது, ஒரு பக்கம் கீறல் விழுந்திருக்கிறது என்கிறீர்கள். அவர் தலைப்பை மட்டும் படிக்கிறார் என்று எல்லோரும் கேலி செய்கிறீர்களே, அவர் கண்ணுக்குத் தெரிவதே தலைப்பு மட்டும்தானா என்று யாராவது கேட்டீர்களா? 72 வயதில் கண்புரை சாதாரணம். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் இலவசமாகவே செய்கிறார்கள். வங்கிக்குப் போகும் அன்றே அங்கேயும் கூட்டிப் போங்கள்.

வங்கி தவணைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, கட்சிக்காரர் மறுபடி வாசலில் வந்து நின்றாலோ, தனியார் வக்கீலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானச் சான்று எதுவும் கேட்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். தொலைபேசி எண் 15100. போகும்போது வங்கி முத்திரை வாங்கிய கடித நகல், அந்த ஸ்கிரீன்ஷாட், மாமனாரின் பாஸ்புத்தகம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மாமனாரையும்தான்.